சானமாவு: குளிரும் வறட்சியும் சேர்ந்த பூமி

ஓசூர் என்றவுடன் பலருக்கும் நினைவுக்கு வருவது தொழிற்சாலைகளும் குளிர்ந்த காற்றும்தான். ஓசூரிலிருந்து ராயக்கோட்டை போகும் சாலையில் இருக்கிறது சானமாவு. இங்குள்ள காப்புக்காட்டைப் பார்ப்பவர்கள் இதை வளமான மலைநாடு என்றே நினைப்பார்கள். ஆனால் குளிர்ச்சி வேறு, ஈரம் வேறு. லடாக்கின் லே நகரம் கடுங்குளிர் நிறைந்தது. அங்கே ஆண்டு மழை சுமார் 100 மில்லிமீட்டர்தான். சானமாவு பாலைவனம் அல்ல. இருந்தாலும் குளிரை நம்பி ஏமாறக் கூடாது என்ற பாடம் இதற்கும் பொருந்தும்.

மேட்டுநிலமும் மழையும்

ஓசூர்ப் பகுதி கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் உள்ளது. கணவாய்க்கு மேலே இருப்பதால் பழைய ஆவணங்களில் இதற்குப் பாலாகாட் என்று பெயர். கீழே கிருஷ்ணகிரியைச் சுற்றியுள்ள வெப்பமான சமவெளி பாராமகால். பாராமகால் 1792இல் திப்பு சுல்தானிடமிருந்து ஆங்கிலேயர் கைக்குப் போனது. ஓசூர் 1799இல் திப்பு வீழ்ந்த பிறகே போனது.

உயரம் வெயிலைத் தணிக்கிறது, ஆனால் மழையைக் கூட்டுவதில்லை. தென்மேற்குப் பருவக்காற்று தன் ஈரத்தின் பெரும்பகுதியை மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே கொட்டிவிடுகிறது. வடகிழக்குப் பருவக்காற்றும் கடலோரத்தில் பெய்தது போக மீதியைத்தான் இங்கே கொண்டு வருகிறது. கோடைமழையையும் சேர்த்து ஆண்டுக்குச் சுமார் 800 முதல் 900 மில்லிமீட்டர் மழை கிடைக்கும்.

ராகியின் நாட்காட்டி

இந்த மழைக்கு ஏற்ற பயிர் ராகி. கோடைமழையில் உழுது, ஆடியை ஒட்டி விதைத்து, கார்த்திகை மார்கழியில் அறுப்பார்கள். ஊடுபயிராக அவரையும் வரும். ராகி பல ஆண்டுகள் கெடாது. எனவே நல்ல விளைச்சல் கண்ட ஆண்டில் நிலத்தடிக் குழிகளில் சேமித்து வைத்தார்கள். ஒரு பருவம் பொய்த்தால் இன்னொரு பருவமும், இரண்டும் பொய்த்தால் குழியும் காப்பாற்றும்.

தாது வருடப் பஞ்சம்

அந்தக் காப்பு 1876இல் உடைந்தது. இரண்டு பருவமழைகளும் பொய்த்தன. 1877இல் பசிபிக் கடலில் வலுவான எல் நினோ உருவாகி வறட்சி நீடித்தது. அதே காலத்தில் வட சீனாவிலும் பிரேசிலிலும் மக்கள் பட்டினியால் மடிந்தனர்.

ஆனால் வானம் மட்டும் குற்றவாளி அல்ல. தானிய விலை ஏறியபோதும் வைஸ்ராய் லிட்டனின் அரசு வணிகத்தில் தலையிட மறுத்தது. நிவாரண வேலை செய்தவர்களுக்கு ரிச்சர்டு டெம்பிள் ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு, அதாவது சுமார் 450 கிராம் தானிய அளவுக்குக் கூலியைக் குறைத்தார். அன்று ஓசூர் சேலம் மாவட்டத்தில் இருந்தது. 1871இல் 19 லட்சத்துக்கும் மேல் இருந்த அம்மாவட்ட மக்கள்தொகை 1881இல் சுமார் 16 லட்சமாகச் சுருங்கியது. இறந்தவர்களும் ஊரை விட்டுப் போனவர்களும் அந்த இடைவெளியில் இருக்கிறார்கள். பஞ்சம் ஓய்ந்த 1878 டிசம்பரில்தான் ஓசூருக்கு அருகே தொரப்பள்ளியில் ராஜாஜி பிறந்தார்.

இன்று

இப்போது ஆழ்துளைக் கிணறுகள் ராகி நிலத்தில் காய்கறியும் ரோஜாவும் விளைவிக்கின்றன. தொழிற்சாலைகளுக்கும் பெருகும் வீட்டுமனைகளுக்கும் தண்ணீர் தேவை. மழையோ அதே அளவுதான். பழைய நாட்காட்டியை இன்றும் மறக்காதவை யானைகள். ராகி முற்றும் மாதங்களில் அவை கர்நாடகத்தின் பன்னார்கட்டா பக்கமிருந்து ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை காடுகள் வழியாகச் சானமாவுக்கு வருகின்றன. ஓர் இரவில் ஒரு குடும்பத்தின் உழைப்பு போய்விடும். காவல் இருப்பவர்களின் உயிரும் சில நேரம் போகிறது.

அன்று ராகிக் குழி நிறைந்திருக்கிறதா என்று பார்த்தே அடுத்த ஆண்டைத் திட்டமிட்டார்கள். இன்றைய குழி நிலத்தடி நீர். அதில் எடுப்பவர்கள் பலர், போடுவது மழை மட்டும்தான்.