பழைய சொகுசுக் கார்களில் ஸ்டியரிங் ஆட்டம்

1920களின் தொடக்கம் வரை சொகுசுக் காரின் முன்பக்கம் எளிமையானது: ஒரே துண்டான இரும்பு அச்சு, அதன் இரு முனைகளிலும் சக்கரம் இடவலமாகத் திரும்புவதற்கான கிங் பின், சக்கரங்களை இணைக்கும் ஒரு டை ராட், ஸ்டியரிங் பாக்ஸிலிருந்து வரும் ஒரு கம்பி. காரை ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தை ஆட்டிப் பார்த்தால் தேய்மானம் கைக்கே தெரிந்துவிடும்.

1923 வாக்கில் காற்றழுத்தம் குறைந்த பலூன் டயர்கள் வந்தன. அதையொட்டி முன்சக்கர பிரேக்கும் பரவியது. பிரேக்கால் ஒரு நன்மை உண்டு. பிரேக்கை மிதித்தபடி சக்கரத்தை ஆட்டும்போது ஆட்டம் மறைந்தால் பழுது பேரிங்கில். மறையாவிட்டால் கிங் பின்னில். ஆனால் அச்சின் எடை கூடி டயர் மென்மையானதும், குறிப்பிட்ட வேகத்தில் முன்சக்கரங்கள் இடமும் வலமும் வெடவெடக்கத் தொடங்கின. பழி பெரும்பாலும் ஸ்டியரிங் பாக்ஸ் மீதே விழுந்தது. இறுக்குவதற்கு வசதியான திருகு அதில்தானே இருந்தது! புதிய இணைப்புகளைப் பொருத்திய கார்களிலும் நடுக்கம் நிற்கவில்லை. உண்மையில் குற்றவாளி அந்த ஒரே அச்சுதான். ஒரு சக்கரம் மேட்டில் ஏறினால் அச்சு முழுவதும் சாயும். சுழலும் சக்கரம் சாயும்போது பம்பரத்தைப் போலப் பக்கவாட்டில் திரும்பும். ரோல்ஸ் ராய்ஸிலிருந்து 1930இல் காடிலாக்குக்குச் சென்ற பொறியாளர் மாரிஸ் ஆலி இந்தச் சிக்கலை ஆராய்ந்தார். 1934 காடிலாக்கில் முன்சக்கரங்கள் தனித்தனி சஸ்பென்ஷன் பெற்றன. ரோல்ஸ் ராய்ஸின் ஃபாண்டம் 3 அதைப் பின்பற்றியது. நடுக்கம் தணிந்தது. மூட்டுகளும், தேயும் இடங்களும் பெருகின.

பாக்ஸை இறுக்கும் பழக்கம் தனியாக ஒரு பழுதை வளர்த்தது. கார் பெரும்பாலும் நேராகவே ஓடுவதால் பாக்ஸின் புழுப்பல் (வார்ம் கியர்) நடுவில்தான் அதிகம் தேயும். அந்த இடைவெளியை அடைக்க இறுக்கினால் தேயாத ஓரங்கள் பிடித்துக்கொள்ளும். வளைவு முடிந்தும் ஸ்டியரிங் தானாகத் திரும்பாது. கிங் பின் இறுகிவிட்டதோ என்று அடுத்துத் தோன்றும். கம்பியைக் கழற்றிவிட்டு ஸ்டியரிங்கை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை சுற்றிப் பார்த்தால் பிடிப்பு எங்கே என்பது விளங்கும்.

1929இல் வந்த ஃபாண்டம் 2இல் மூட்டுகளுக்கு எண்ணெய் ஒரே பெடலிலிருந்து மெல்லிய குழாய்கள் வழியே சென்றது. ஒரு குழாய் அடைத்தால் அந்த மூட்டு மட்டும் வறண்டு தேயும். எனவே இடப்பக்கம் நன்றாக இருப்பது வலப்பக்கத்துக்குச் சான்றாகாது.

மோதலில் அடிபட்ட ஸ்டியரிங் ஆர்ம்களில் விரிசல் கண்ணுக்குத் தப்பும். ரயில்வே பட்டறைகள் எண்ணெயில் நனைத்துத் துடைத்து, சுண்ணப்பொடி பூசி, கறை கசியும் கோட்டைத் தேடின. 1930களில் காந்தப்பொடிச் சோதனை அதைவிட நுண்ணிய விரிசலையும் காட்டியது.

1951 கிரைஸ்லர் இம்பீரியலோடு பவர் ஸ்டியரிங் விற்பனைக்கு வந்தபின் கைக்குத் தெரிந்த இறுக்கத்தை எண்ணெய் அழுத்தம் மறைத்தது. அத்தகைய கார்களில் என்ஜின் ஓட, ஒருவர் ஸ்டியரிங்கை இடமும் வலமும் சிறிது அசைக்க, அடியில் இன்னொருவர் ஒவ்வொரு மூட்டிலும் கைவைத்துப் பார்ப்பதே வழக்கமான சோதனை.