அடுத்த பாடத்தை யார் சொல்வது?

பாகலூரில் எங்கள் வீட்டு மாடியறையில் 61 கட்டைகள் கொண்ட பழைய கீபோர்டு ஒன்று இருக்கிறது. ஓசூரில் உதிரிபாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை செய்கிறேன். இரண்டாம் ஷிப்ட் முடிந்து வீடு வந்து சேர இரவு பதினொன்றாகிவிடும். வீட்டார் தூங்கியபின் ஹெட்போனை மாட்டிக்கொண்டு நாற்பது நிமிடம் வாசிப்பேன். ஆசிரியர் கிடையாது. விரல் வலியைவிட என்னை அதிகம் தடுமாற வைப்பது ஒரு கேள்விதான்: அடுத்து எதைப் பழகுவது?

இந்தக் கேள்வி என் கைக்கு வர முப்பது ஆண்டுகள் ஆயின. பத்து வயதில் பாட்டு வகுப்புக்குப் போனபோது அடுத்தது எது என்று நான் யோசிக்கத் தேவையிருக்கவில்லை. சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம், கீதம் என்று எல்லாம் முன்பே வகுக்கப்பட்டிருந்தன. வகுத்தவர் புரந்தரதாசர் என்பது மரபு. கன்னடமும் தெலுங்கும் தமிழும் ஒரே தெருவில் புழங்கும் எங்கள் ஊரில் அவருடைய கன்னடம் எனக்கு அந்நியமாகத் தோன்றியதில்லை. நான் பெரியவளானதும் வகுப்பு கீதத்தோடு நின்றது. “பொண்ணு பார்க்க வர்றவங்க கேட்டா ரெண்டு பாட்டு பாடத் தெரியுது. அது போதும்” என்றார் பாட்டி. அடுத்த பாடத்தை வரிசை சொன்னது. கடைசிப் பாடத்தைக் குடும்பம் சொன்னது.

பாட்டி சொன்ன ‘போதும்’ நம் ஊரில் மட்டும் கேட்ட சொல் அல்ல. 1820இல் ஜெர்மனியைச் சேர்ந்த ஆபிரகாம் மெண்டல்சன் தன் மகள் ஃபேனிக்கு எழுதிய கடிதத்தில், தம்பி ஃபீலிக்ஸுக்கு இசை தொழிலாகலாம், உனக்கு அது அணிகலனாக மட்டுமே இருக்க முடியும் என்றார். இருவருக்கும் ஒரே ஆசிரியர்கள், ஒரே பாடங்கள். பாடம் எங்கே போய் முடிய வேண்டும் என்பதில்தான் பாகுபாடு. ஃபேனி 450க்கும் மேற்பட்ட இசைப் படைப்புகளை விட்டுச் சென்றார்.

பியானோ பயில்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த பெயர் கார்ல் செர்னி. 1830களின் இறுதியில் அவர் ஒரு கடிதத் தொகுப்பை எழுதினார். தொலைவில் நாட்டுப்புறத்தில் வசிக்கும் பன்னிரண்டு வயதுக் கற்பனைச் சிறுமி செசிலியாவுக்கு, முதலில் எது, பிறகு எது என்று படிப்படியாகச் சொல்லிக்கொடுக்கிறார். அக்கறையான கடிதங்கள்தாம், ஆனால் பியானோவைப் பெண்களுக்கே உரிய இனிய தகுதி என்று சொல்லித்தான் தொடங்குகிறார். செசிலியாவின் பதில் ஒன்றுகூட நூலில் இல்லை. எதைப் பழக ஆசைப்படுகிறாய் என்ற கேள்விக்கு அங்கே இடம் இருக்கவில்லை.

பதிலைத் தானே தேடிக்கொண்ட இரண்டு பெண்களைப் பற்றிப் படித்தபோது எனக்குத் துணை கிடைத்தது. ஒருவர் 1867இல் அமெரிக்காவில் பிறந்த ஏமி பீச். சிறுவயதிலேயே பியானோ மேதை என்று பெயர் வாங்கியவர். 1885இல் பதினெட்டு வயதில், தன்னைவிட இருபத்து நான்கு வயது மூத்த மருத்துவரை மணந்தார். மேடைக் கச்சேரிகள் குறைந்தன. ஆசிரியரிடம் இசையமைப்புக் கற்பதைக் கணவர் விரும்பவில்லை. முறையாக அவர் கற்றிருந்தது ஓராண்டுப் பாடம்தான். எனவே பாஹின் ஃபியூக் இசைகளை மனப்பாடம் செய்து, புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதினார். வாத்திய அமைப்பு பற்றிய பிரெஞ்சு நூல்களைத் தனக்காகத் தானே மொழிபெயர்த்தார். 1896 அக்டோபர் 30 அன்று பாஸ்டன் சிம்பொனி இசைக்குழு அவருடைய ‘கேலிக்’ சிம்பொனியை அரங்கேற்றியது.

இன்னொருவர் 1919இல் காஞ்சிபுரத்தில் பிறந்த டி.கே. பட்டம்மாள். நன்றாகப் பாடத் தெரிந்த அவருடைய தாய்க்குப் பிறர் முன்னால் பாட அனுமதி இருக்கவில்லை. பட்டம்மாள் குருகுலத்தில் பயின்றவர் அல்லர். கச்சேரிகளுக்குப் போய் உட்கார்ந்து கேட்டு, வீடு திரும்பியதும் கீர்த்தனைகளையும் ராகத்தின் முக்கியப் பிடிகளையும் தம்பிகளின் உதவியோடு ஸ்வரப்படுத்தி எழுதிவைத்தார். ஆசிரியர்கள் பிறகு வாய்த்தார்கள். ஆண்களின் களம் என்று கருதப்பட்ட ராகம் தானம் பல்லவியை மேடையில் பாடிப் ‘பல்லவி பட்டம்மாள்’ என்று பெயர் பெற்றார். பெண்களுக்கு இது போதும் என்று போடப்பட்டிருந்த கோட்டை அவர் தாண்டியது அங்கேதான்.

ஆனால் இந்த வரலாற்றை முழுதாகச் சொல்ல வேண்டும். பட்டம்மாள் மேடையேறியபோது கொண்டாடப்பட்டது ஒரு பிராமணப் பெண்ணின் துணிவு. அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே இசைவேளாளர் மரபுப் பெண்கள் இசையையே வாழ்வாகக் கொண்டிருந்தார்கள். ஏமி பீச் பிறந்த அதே 1867இல் பிறந்த வீணை தனம்மாளிடம் பெரிய வித்வான்களே கேட்டுக் கற்றார்கள். அந்தப் பெண்களைச் சமூகம் இழிவாகப் பேசியது. அவர்களிடமிருந்த இசையை மட்டும் எடுத்துக்கொண்டது. பீச்சுக்கு வசதியான வீடு இருந்தது, பட்டம்மாளுக்குக் கூட உட்கார்ந்து எழுதத் தம்பிகள் இருந்தார்கள். தானே கற்பதற்கும் நேரம், இடம், துணை என்று ஒரு முதலீடு வேண்டியிருக்கிறது. எனக்கு அது நாற்பது நிமிடமும் ஒரு ஹெட்போனும்.

இருந்தாலும் இருவரும் ஒரே வழியைக் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். கேட்டதையோ படித்ததையோ எழுதிப் பார். எங்கே எழுத முடியாமல் கை நிற்கிறதோ, அதுவே அடுத்த பாடம். வெளியிலிருந்து ஒருவர் வந்து சொல்ல வேண்டியதில்லை.

இப்போது நானும் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். அன்னா மக்தலேனா பாஹின் 1725ஆம் ஆண்டு நோட்டுப் புத்தகத்தில் உள்ள ஜி மேஜர் மினுவெட்டைப் பழகுகிறேன். அன்னா மக்தலேனா அரண்மனையில் சம்பளம் வாங்கிப் பாடியவர். உலகம் அவரைப் பாஹின் மனைவியாகவே நினைவில் வைத்திருக்கிறது. அந்த மினுவெட்டும் நெடுங்காலம் பாஹ் எழுதியதாகவே நம்பப்பட்டு, பிறகு பெட்ஸோல்ட் எழுதியது என்று தெரியவந்தது. அதன் இரண்டாம் பாதியில் இடது கை எனக்கு எழுத வரவில்லை. ஆகவே நாளை இரவு அதுதான்.

நடுவில் ஒருநாள் மாயாமாளவகௌளையைக் கட்டைகளில் தேடினேன். ஐந்து வெள்ளை, இரண்டு கறுப்பு. கீதம் அப்படியே வந்தது. அதற்கு அடுத்து ஸ்வரஜதி. பாட்டி நிறுத்திய இடத்தையும் நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன். மினுவெட் முடிந்ததும் அங்கிருந்து தொடங்குவேன்.