ஆசனமும் ஆவாரம்பட்டையும்

சென்ற கோடையில் பழைய மோட்டார் வண்டி ஒன்று வாங்கினேன். மூன்று கை மாறிய வண்டி. எஞ்சினைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. உள்ளே இருந்த தோல் ஆசனங்களைக் கண்டு மயங்கித்தான் வாங்கினேன் என்றால் வாசகர்கள் சிரிக்கக்கூடும். வீட்டுக்குக் கொண்டு வந்த பிறகு அந்தத் தோல் சற்று வறண்டிருப்பதாகத் தோன்றிற்று. தலை வறண்டால் நம் வீடுகளில் என்ன செய்வார்கள்? அதையே செய்தேன். ஒரு கிண்ணம் தேங்காயெண்ணெயை எடுத்து, மாலை முழுவதும் உட்கார்ந்து அழுத்தித் தேய்த்தேன். மறுநாள் அதில் சாய்ந்து எழுந்தபோது என் வெள்ளைச் சட்டையின் முதுகைப் பார்த்து வீட்டில் எல்லோரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். ஒரு வாரத்தில் தெருப் புழுதி முழுவதும் ஆசனத்தில் குடியேறிவிட்டது.

புதுப்பேட்டையில் குஷன் வேலை செய்யும் ஒரு பெரியவரிடம் போனேன். விரலால் தொட்டுப் பார்த்தார்.

"என்ன ஸார், தலைக்குத் தேய்க்கிறதைக் கொண்டுபோய் ஸீட்டுக்குத் தேய்ச்சிருக்கீங்க?"

"தோல் வறண்டு போச்சேன்னுதான், பாய்."

"இதுக்கு மேலே பெயிண்ட் மாதிரி ஒரு பூச்சு இருக்கு, ஸார். நீங்க துடைக்கிறது, க்ரீம் போடுறது எல்லாம் அந்தப் பூச்சுக்குத்தான். எண்ணெய் உள்ளே இறங்காது. இறங்குற தோலெல்லாம் உங்க தாத்தா காலத்து வண்டியோட போச்சு."

தாத்தா என்றதும் எனக்கு லால்குடிப் பக்கத்துக் கிராமம் ஒன்று நினைவுக்கு வந்துவிட்டது. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் அந்தப் பெரியவர் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்ட சரித்திரத்தைப் பார்ப்போம்.

தோல் ஆசனம் என்றால் இன்று செல்வத்தின் அடையாளம். ஆரம்பத்தில் அப்படியில்லை. குதிரை வண்டியில் வெயிலிலும் மழையிலும் திறந்த இடத்தில் உட்கார்ந்தவன் வண்டிக்காரன். நனைந்தாலும் துடைத்துவிடலாம் என்பதற்காக அவனுக்குத் தோல். மூடிய பெட்டிக்குள் இருந்த எஜமானுக்கு மெல்லிய கம்பளித் துணி. மோட்டார் வந்த பிறகும் பெரிய மாளிகை வண்டிகளில் இந்த ஏற்பாடு தொடர்ந்தது: டிரைவருக்குத் தோல், பிரபுவுக்குத் துணி. 2002-ல் எலிஸபெத் ராணியின் பொன்விழாவுக்காகச் செய்து கொடுத்த பென்ட்லி வண்டியில்கூட ராணியார் அமரும் பின் ஆசனத்துக்கு ஆட்டுக்குட்டி ரோமத் துணிதான். மற்ற இடங்களுக்குத்தான் தோல். ஆக, நான் மயங்கியது டிரைவரின் ஆசனத்தைப் பார்த்து!

அந்த பென்ட்லிக்குத் தோல் கொடுத்தவர்கள் கானலி கம்பெனியார். 1878-ல் லண்டனில் இரு சகோதரர்கள் தொடங்கிய தொழில் அது. பிரிட்டிஷ் பார்லிமெண்டின் ஆசனங்களுக்கும் ரோல்ஸ் ராய்ஸ், ஜாகுவார் வண்டிகளுக்கும் அவர்களுடைய தோல் போயிற்று. தோலுக்குத் தீனி போடுவதாகவே பெயர் வைத்து ஒரு களிம்பும் விற்றார்கள். 2002-லேயே அவர்களுடைய தோல் தொழிற்சாலை மூடப்பட்டது.

தோலுக்குத் தீனி வேண்டுமா? பழைய நாட்களில் மரப்பட்டைச் சாற்றில் வாரக்கணக்கில் ஊறவைத்துத் தோலைப் பதனிட்டார்கள். அந்தத் தோல் எண்ணெயைக் குடிக்கும்; கொடுக்காவிட்டால் விறைத்து வெடிக்கும். ஆனால் எண்ணெய் தீர்க்காத வியாதியும் அதற்கு உண்டு. லண்டன் அதீனியம் கிளப்பில் தோற்பொருள்கள் பொடிப்பொடியாக உதிர்வதை, மின்சாரத்தை ஆராய்ந்த அதே மைக்கேல் ஃபாரடே 1843 வாக்கில் ஆராய்ந்தார். காஸ் விளக்கிலிருந்து வரும் கந்தகப் புகைதான் தோலைத் தின்கிறது என்று கண்டார். அமிலம் அரித்த தோலை எந்தத் தைலத்தாலும் மீட்க முடியாது.

மரப்பட்டை என்றதும் நம் ஊர் கதைக்குள் வந்துவிடுகிறது. நம் கரம்பில் மஞ்சளாகப் பூக்கும் ஆவாரையின் பட்டையில் பதனிட்ட சென்னைத் தோல் உலகச் சந்தையில் 'கிழக்கிந்தியத் தோல்' என்று பெயர் பெற்றது. முதல் உலக யுத்தத்தில் பிரிட்டிஷ் சிப்பாய்களின் பூட்ஸுக்கு மேல்தோலாக அது கப்பல் கப்பலாகப் போயிற்று.

பிறகு குரோமியம் வந்தது. 1884-ல் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் என்பவர் அமெரிக்காவில் அதற்குப் பேடண்ட் பெற்றார். வாரக்கணக்கான வேலை ஒன்றிரண்டு நாளில் முடிந்தது. தொட்டியிலிருந்து வெளிவரும்போது தோல் நீலமாக இருக்கும், கொதிநீரையும் தாங்கும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்ற ஆங்கிலேயர் சென்னையில் இந்த முறையைச் சோதித்தபோது, அவர் மனத்தில் இருந்தவற்றுள் ஒன்று நம் குடியானவனின் கவலைச் சால். இரவும் பகலும் நீரில் நனையும் அந்தத் தோல் சீக்கிரம் அழுகாமல் இருக்கவேண்டும் என்பது அவர் எண்ணம். 1912-ல் பல்லாவரத்துக்கு அருகே சேம்பர்ஸ் என்பவரின் குரோம் தோல் கம்பெனி வந்தது. மின்சார ரயிலில் தினமும் குரோம்பேட்டையில் இறங்குகிறவர்களில் எத்தனை பேருக்கு அந்தப் பெயரின் காரணம் தெரியும்?

இந்த வசதிக்கு விலையும் கொடுத்தோம். வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைத் தொழிற்சாலைகளின் கழிவுநீர் பாலாற்றுக்குப் போயிற்று. 1996 ஆகஸ்ட் 28-ல் சுப்ரீம் கோர்ட் அந்த வழக்கில் தீர்ப்பளித்தது. ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுவதுமாகவோ சாகுபடிக்கு உதவாமல் போயிற்று என்ற கணக்கு அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. கவலைச் சாலை நினைத்துத் தொடங்கிய சோதனை, கிணற்றையே கெடுத்ததில் போய் முடிந்தது.

இனி என் தாத்தாவின் கதை.

அவரிடம் பழைய ஆஸ்டின் ஒன்று இருந்தது. நான் பள்ளி விடுமுறைக்குப் போயிருந்த ஒரு வருஷம் அதன் பின் ஆசனம் தையல் விட்டது. சேரியிலிருந்து செருப்புத் தைப்பவரை வரவழைத்தார்கள். அவர் வாசல்படி ஏறக்கூடாது, வண்டிக்குள்ளும் ஏறக்கூடாது. ஆகவே டிரைவர் ஆசனத்தைக் கழற்றித் தெருவுக்கு அப்பால் புளியமரத்தடியில் வைத்தார். அந்த மனிதர் தரையில் உட்கார்ந்து ஒரு பகல் முழுவதும் தைத்தார். விளக்கெண்ணெயை விரல் நுனியில் தொட்டுத் தையல் வழியே ஊட்டினார். வேலை முடிந்ததும் ஸ்பிரிங் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமே, அதற்கு உட்காரவில்லை. இரண்டு உள்ளங்கைகளையும் ஊன்றி அழுத்திப் பார்த்துவிட்டு எழுந்து கொண்டார். அவர் போனபின் பாட்டி மஞ்சள் நீர் தெளித்தாள். தாத்தா ஏறி உட்கார்ந்து, "பேஷ்" என்றார்.

மாட்டுத் தோலின்மேல் உட்காரலாம். அதைத் தைத்தவரின் கைதான் தீட்டு. எனக்கு அப்போது எட்டு வயது. வேடிக்கை பார்த்தேன்; எதுவும் கேட்கவில்லை. இத்தனை கதைகள் எழுதிய பிறகும் அவர் பெயர் என்ன என்று எனக்குத் தெரியாது.

புதுப்பேட்டைப் பெரியவர் என் வண்டியை அரை நாளில் சரிசெய்தார். மெல்லிய பிரஷ்ஷால் தையல் இடுக்கிலிருந்த மண்ணை எடுத்தார். வெதுவெதுப்பான நீரில் கொஞ்சம் ஸோப்பு கரைத்து, நுரையை மட்டும் எடுத்துத் தேய்த்து, பிழிந்த துணியால் துடைத்தார். நிழலில் உலர்த்தி, கடைசியில் கண்ணுக்குத் தெரியாத அளவு க்ரீம் தடவினார். "வெயில்லே நிறுத்தாதீங்க, ஸார். பாதி வைத்தியம் அதுதான்" என்றார்.

அவர் வீடு திருவல்லிக்கேணியில். கொண்டுபோய் விடுகிறேன் என்று ஏறச் சொன்னேன். ஆசனத்தின்மேல் செய்தித்தாளை விரிக்கத் தொடங்கினார். எனக்குச் சுருக்கென்றது.

"அதெல்லாம் வேண்டாம் பாய், சும்மா உட்காருங்க!" என்று கொஞ்சம் உரக்கவே சொல்லிவிட்டேன்.

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். "என் லுங்கியெல்லாம் கிரீஸ், ஸார். கறை பட்டா நான்தானே மறுபடி தேய்க்கணும்?" என்றவாறு பேப்பரை நன்றாக விரித்து, சௌகரியமாகச் சாய்ந்து உட்கார்ந்து கொண்டார்.