சுரைக்காய் நூடுல்ஸும் 1803-ம் வருஷமும்

போன மாசம் அப்பாவுக்கு சர்க்கரைன்னு டாக்டர் சொன்னதும் வீட்டுல அதிகமா பதறினது நான்தான். அப்பா பதறவே இல்லை. "எங்கப்பாவுக்கும் இருந்துச்சு"ன்னு சொல்லிட்டு இன்னொரு இடியாப்பத்தைத் தட்டுல வெச்சுக்கிட்டார்.

ஆபீஸ்ல ஆணி குறைவா இருந்த ஒரு மதியம், காய்கறியை நூடுல்ஸ் மாதிரி சுருள் சுருளா சீவுற ஸ்பைரலைசர் கண்ணுல பட்டுச்சு. பென்சில் ஷார்ப்னரைப் பெருசாக்கின மாதிரி, கையில பிடிச்சுத் திருகுற வகை. விலையும் கம்மி. வாங்கிட்டேன். முதல் நாள் நான் ஒரு வெள்ளரிக்காயைத் திருகிக் காட்டி சீன் போட்டேன். அடுத்த நாள் நான் ஆபீஸ்ல இருக்கும்போது அம்மா சுரைக்காய்ப் பிஞ்சைத் திருகியிருக்காங்க. அம்மாவுக்கு விரல் மூட்டெல்லாம் வீக்கம். கடைசித் துண்டு வழுக்கி, கட்டைவிரல்ல ஆழமா வெட்டு. அப்பா சர்க்கரைக்குன்னு நான் வாங்கின சாமான், அம்மா ரத்தத்தைப் பார்த்திருச்சு.

அடுத்ததை ஒழுங்கா வாங்கணும்னு தேட ஆரம்பிச்சேன். தேடல் இருநூறு வருஷம் பின்னாடி போயிருச்சு. அதான் இந்தப் பதிவு.

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் மோசஸ் கோட்ஸ் என்பவர் 1803 பிப்ரவரி 14 அன்று ஆப்பிள் தோல் சீவும் கருவிக்குக் காப்புரிமை வாங்கினார். காதலர் தினத்துல ஏன்யா ஆப்பிள் சீவினேன்னு கேக்காதீங்க. அன்னைக்கு அது அவசியம். அறுவடையில மொத்தமா வர்ற ஆப்பிளைத் தோல் சீவி, நறுக்கி, நூல்ல கோத்துக் காயவெச்சாத்தான் பனிக்காலம் முழுக்கக் கையில பழம் இருக்கும். கூடை கூடையா சீவணும். அக்கம்பக்கத்து ஜனமெல்லாம் சாயங்காலம் ஒரு வீட்டுல கூடி சீவுவாங்க. பொண்ணுங்க அறுபடாத நீளத் தோலைத் தோளுக்குப் பின்னால வீசுவாங்களாம். அது விழுற வடிவம்தான் வரப்போற மாப்பிள்ளை பேரோட முதல் எழுத்து!

பத்தொன்பதாம் நூற்றாண்டுக்குள்ள இந்த ஒரு வேலைக்கே நூத்துக்கும் மேல காப்புரிமைகள். அதுல ஒரு பெரிய பேர், நியூ ஹாம்ப்ஷயரின் ஆன்ட்ரிம் ஊரைச் சேர்ந்த டேவிட் குடெல். 1860-களில் இவர் கொண்டுவந்த 'லைட்னிங்' ஆப்பிள் சீவி நல்லா வித்துச்சு. பிற்பாடு 1889 முதல் 1891 வரை அந்த மாநிலத்துக்கே கவர்னரா இருந்தார். நாமளும் தினமும் ஆணி புடுங்குறோம், என்ன பிரயோஜனம்?

பிறகு தோல் சீவி, நடுத்தண்டை எடுத்து, சுருளா நறுக்குறதை ஒரே சுத்துல முடிக்கிற மெஷின் வந்துச்சு. இதோட இதயம் ஒரு திருகாணி. கைப்பிடியை ஒரு சுத்து சுத்தினா பழமும் ஒரு சுத்து சுத்தி, திருகாணியோட ஒரு மரை தூரம் முன்னால நகரும். மரைக்கு மரை எவ்வளவு இடைவெளியோ, அதுதான் வில்லையோட தடிமன். மேஜையில இறுக்கிப் பூட்டிட்டா, சுத்துற கைக்கும் பிளேடுக்கும் சம்பந்தமே இல்லை. இந்த வரியை ஞாபகம் வெச்சுக்கோங்க.

ஜப்பான்ல கதை வேற. அங்க 'கட்சுராமுகி'ன்னு ஒரு கத்தி வேலை. வெள்ளை முள்ளங்கியை உருட்டிக்கிட்டே காகிதம் மாதிரி ஒரே நீளத் தகடா சீவுறது. அதை மடிச்சு இழை இழையா நறுக்கி, பச்சை மீன் துண்டுகளுக்குப் பக்கத்துல வெப்பாங்க. சும்மா ஒரு கணக்கு: 6 செ.மீ. விட்டமுள்ள முள்ளங்கியை 2 செ.மீ. தண்டு மிஞ்சுற வரைக்கும் 1 மி.மீ. தடிமன்ல சீவினா, தகடோட நீளம் சுமார் இரண்டரை மீட்டர். இதுக்கு சமையல்காரங்க வருஷக்கணக்கா கையைப் பழக்குறாங்க. அந்தப் பழக்கம் இல்லாதவங்களுக்காகத்தான் கைப்பிடி சுத்துற சீவிகள் அங்க வந்துச்சு. இவாகுனி நகரத்து 'பென்ரினர்' கம்பெனியோடது பிரபலம். 'பென்ரி'ன்னா ஜப்பானிய மொழியில வசதி.

அப்புறம் இது உலகம் முழுக்கப் பரவினதுக்கு ஒரு முக்கியக் காரணம் நம்ம இனம்தான். 2013-ல் அலி மஃபூச்சி என்ற அமெரிக்கப் பெண், பார்த்துட்டிருந்த வேலையை விட்டுட்டு 'இன்ஸ்பைரலைஸ்ட்'னு ஒரு வலைப்பதிவு ஆரம்பிச்சார். முழுக்க சுருள் காய்கறிச் சமையல். 2015-ல் அதே பேர்ல புத்தகமும் வந்துச்சு. மாவுச்சத்தைக் குறைக்க நினைச்சவங்க அள்ளிக்கிட்டுப் போனாங்க. (வேலையை விடுற ஐடியா எனக்கு இல்லைன்னு தங்கமணிக்கு இங்கேயே சொல்லிக்கிறேன்.)

இந்தக் கதையெல்லாம் படிச்சப்பதான் என் தப்பு உறைச்சுச்சு. கையால திருகுற சாமான், கட்சுராமுகி கேக்குற கைப்பக்குவத்தைக் கேக்குது, ஆனா அந்தப் பயிற்சியைத் தர்றதில்லை. பௌதிகமும் எதிராத்தான் இருக்கு. காயோட ஆரம் 2.5 செ.மீ., அதைப் பிடிச்சுத்தான் திருகணும். அதுவே 7.5 செ.மீ. கைப்பிடின்னா மூணுல ஒரு பங்கு பலம் போதும். வீங்கின விரலுக்கு இது சின்ன வித்தியாசம் இல்லை.

அதனால வாங்குறவங்களுக்கு நாலு வார்த்தை. கைப்பிடி சுத்துற வகையா பாருங்க. அடியில உறிஞ்சி ஒட்டுற ரப்பர் சொரசொரப்பான கல் மேடையில நிக்காது, மேஜையில பூட்டுறது இருந்தா உத்தமம். காயைத் தள்ளுற பக்கம் முள்ளு இருக்கணும், கடைசித் துண்டுக்கு விரல் போகக் கூடாது. பிளேடு கழட்டிக் கழுவுற மாதிரி இருக்கணும். காய் நேரா, 4 செ.மீ.க்குக் குறையாத தடிமனோட, ரெண்டு முனையும் சமமா வெட்டினதா இருக்கட்டும். இல்லேன்னா சுருளுக்குப் பதிலா அரைவட்டமா உதிரும். முக்கியமா, உருளைக்கிழங்கை எப்படிச் சுருட்டினாலும் அது உருளைக்கிழங்குதான்.

புது மெஷின் வந்துச்சு. அம்மா ஒரு நிமிஷம் பார்த்துட்டு, "நம்ம அருவாமனை மாதிரிதானே, கத்தி சும்மா இருக்கு, காய்தான் வந்து வெட்டிக்குது"ன்னாங்க. இத்தனை வரலாறு படிச்ச எனக்கு இது தோணவே இல்லை. அப்புறம் கட்டு போட்ட விரலைக் காட்டி அப்பாவைக் கூப்பிட்டாங்க. "சாப்பிடப்போறது நீங்க. நீங்களே சுத்துங்க."

இப்ப தினமும் ராத்திரி ஏழரைக்கு அப்பாதான் சுத்துறார். முதல் நாள் சுரைக்காய் நூடுல்ஸை முழுசா சாப்பிட்டுட்டு, "சரி, டிபன் எப்போ?"ன்னு கேட்டார். நேத்து கேக்கலை.

டிஸ்கி: இது மாத்திரைக்கு மாற்று இல்லை மக்களே. டாக்டர் சொன்னது டாக்டர் சொன்னதுதான். அப்பாவுக்கு அடுத்த டெஸ்ட் இன்னும் ரெண்டு மாசத்துல. வந்ததும் சொல்றேன்.