நோயின் வகையும் ஊதியத்தின் வரம்பும்

மருத்துவமனைக்கு எவ்வாறு பணம் வழங்குவது? நோயாளியை எவ்வாறு வகைப்படுத்துகிறோம் என்பதைப் பொறுத்தே இதற்கு விடை அமைகிறது. அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் ஃபெட்டரும் தாம்சனும் நோயையும் சிகிச்சையையும் கொண்டு நோயாளிகளைக் குழுக்களாக வகுத்தனர். 1983இல் தொடங்கி, முதியோருக்கான மெடிகேர் திட்டம் அக்குழுக்களுக்கேற்ப முன்கூட்டியே வரையறுத்த தொகையை வழங்கலாயிற்று. நாட்களை நீட்டிப் பணம் பெருக்கும் வழி அடைபட்டது; முற்றும் தேறுமுன்னரே வீட்டிற்கு அனுப்பிவிடுவரோ என்ற அச்சமும் உடன் பிறந்தது.

நம் நாட்டிலோ முதல் வகைப்பாடு ஊதியத்தால் அமைந்தது. 1948ஆம் ஆண்டுச் சட்டப்படி, 1952இல் கான்பூரிலும் தில்லியிலும் தொடங்கிய இ.எஸ்.ஐ. திட்டத்தின் ஊதிய வரம்பு 2017இல் மாதம் 21,000 ரூபாயாக உயர்ந்தது. தமிழகத்தில் 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமும், 2012இல் முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டமும் சிகிச்சைதோறும் தொகையை வரையறுத்தன. ஆயினும், அவற்றின் வாயிலிலும் ஆண்டு வருமான வரம்பு நின்றது: முதலில் 72,000 ரூபாய், பின்னர் 1,20,000.

வாலாஜாபாத்திலிருந்து ஒரகடம் ஆலைகளுக்குப் பேருந்தேறும் தொழிலாளியை எண்ணிப் பார்ப்போம். ஊதிய உயர்வால் இ.எஸ்.ஐ. வரம்பைத் தாண்டியவர், பங்களிப்புக் காலம் முடிந்ததும் அத்திட்டத்தை இழக்கிறார். மாநிலத் திட்டத்தின் வரம்பையோ அவர் முன்னரே கடந்துவிட்டார். நிறுவனம் தனியே காப்பீடு எடுத்திருந்தாலன்றி, வருமானம் கேளாத அரசு மருத்துவமனையே அவருக்குத் துணை. ஊதியச் சீட்டைப் பார்த்து நோய் வருவதில்லை என்பதை நம் திட்டங்கள் இன்னும் முழுமையாக ஏற்கவில்லை.