முகூர்த்தமும் பன்னிரண்டு படங்களும்

கல்யாணத்தைப் படமெடுப்பதும் முகத்தைப் படமெடுப்பதும் ஒரே தொழிலின் இரண்டு கிளைகள் என்றே எல்லோரும் பேசுகிறோம். சரித்திரம் அப்படிச் சொல்லவில்லை. தமிழ்நாட்டில் இரண்டும் வேறுவேறு மனோபாவங்களாக இருந்து, பிற்பாடு ஒன்று மற்றதை விழுங்கிவிட்டது என்பது என் எண்ணம்.

முதலில் புகைப்படக்காரர் கல்யாணத்துக்குப் போகவில்லை; கல்யாணம்தான் அவரிடம் வந்தது. 1871-ல் மாடாக்ஸ் என்ற ஆங்கிலேய டாக்டர் ஜெலட்டின் பூசிய உலர்தகட்டுக்கு வழி காட்டினார். தகடு ஈரமாக இருக்கும்போதே எடுத்துக் கழுவியாக வேண்டிய அவசரம் இதனால் போயிற்று. தகடு கடைச் சரக்காயிற்று. சிறு ஊர்களிலும் ஸ்டூடியோ சாத்தியமாயிற்று. சடங்குகள் ஓய்ந்தபின் தம்பதி அங்கே போனார்கள். தூணும் மாடிப்படியும் எழுதிய திரை, ஒரு நாற்காலி, ஒரு பூச்சாடி, மேலிருந்து இறங்கும் பகல் வெளிச்சம். அசையக்கூடாது. அந்த முகங்களின் இறுக்கத்தைச் சோகம் என்று வாசிப்பது அவசரம்; அதில் பாதி தகட்டின் நிர்ப்பந்தம். 1880 முதல் 1980 வரையிலான இத்தகைய தமிழ் ஸ்டூடியோப் படங்களைப் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் சேகரித்திருக்கிறது.

1887-ல் ஜெர்மனியில் மக்னீசியப் பொடி வெளிச்சம் வந்தது. 1930-ஐ ஒட்டி ஃபிளாஷ் பல்பு. இனி புகைப்படக்காரர் பந்தலுக்குள் நுழையலாம். கையில் 120 சுருள். ஆறு சென்டிமீட்டர் சதுரத்தில் பன்னிரண்டே படங்கள். இந்தச் சிக்கனம் முக்கியமான சமாச்சாரம். நாள் முழுக்க நடக்கும் கல்யாணத்தில் எது கல்யாணம் என்று அவர் தீர்மானிக்க வேண்டியிருந்தது. மாலை மாற்றுதல், தாரை வார்த்தல், தாலி, அம்மி மிதித்தல், பெரியவர்களோடு ஒரு குரூப். சமையல்கட்டும், பந்தி பரிமாறியவர்களும், மூலையில் உட்கார்ந்திருந்த விதவை அத்தையும் சுருளுக்கு வெளியே போனார்கள்.

நான் பார்த்த பழைய ஆல்பங்கள் பலவற்றில் தாலி மணமகன் கையில் நிற்கிறது. அவன் பார்வை பெண்ணின் கழுத்தில் இல்லை, காமிராவில். கெட்டிமேளம் நிற்காது, ஆனால் கை நிற்கிறது. "இங்கே பாருங்க" என்ற குரலுக்குப் புரோகிதரும் கட்டுப்பட்டார். ஸ்டூடியோவின் அசையாமை முகூர்த்தத்துக்குள் புகுந்த இடம் இது. நிகழ்ச்சி போர்ட்ரெய்ட் ஆகிவிட்டது. டிஜிட்டல் காமிரா வந்து பன்னிரண்டு என்ற கணக்கு ஒழிந்தபிறகும், நிறுத்தும் அதிகாரம் ஒழியவில்லை.

இதைப் புகைப்படக்காரரின் அத்துமீறல் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. எத்தனையோ பெண்கள் வாழ்நாளில் காமிராமுன் நின்றது கல்யாணத்தின்போது ஒரே தடவைதான். படமெடுத்தால் ஆயுள் குறையும் என்ற பயம் வேறு. அவள் இறந்தபோது அந்தத் தம்பதி படத்தைத்தான் ஸ்டூடியோவுக்கு எடுத்துக்கொண்டு ஓடினார்கள். அவள் தலையை மட்டும் பெரிதாக்கி, கணவனைத் தூரிகையால் மறைத்து, சட்டம் போட்டுக் கொடுத்தார்கள். உற்றுப்பார்த்தால் தோள் ஓரத்தில் சில படங்களில் கோட்டுத் துணியின் மிச்சம் தெரியும். பதினைந்து வயதுப் பெண் அறுபது வயதுப் பாட்டியாகச் சுவரில் பூமாலை ஏற்றாள்.

அவள் தனியாக ஒருபோதும் படமெடுக்கப்படவில்லை என்பதற்கு அந்தத் துண்டுத் துணிதான் சாட்சி. நம் குடும்ப சரித்திரத்தை எழுத வருகிறவர் முகத்தைவிட முதலில் அந்த ஓரத்தைப் பார்க்க வேண்டும்.