படையல்: இல்லாதவருக்கும் ஓர் இலை

விருத்தாசலத்தை அடுத்த கருவேப்பிலங்குறிச்சிப் பக்கம் ஒரு வீட்டில் சாவு விழுந்துவிட்டால், "இந்த வருஷம் எங்களுக்குப் பண்டிகை இல்லை" என்பார்கள். பலகாரச் சட்டி அடுப்பேறாது. உறவுக்காரர்கள் கொண்டுவந்து கொடுப்பதுதான் பலகாரம். தலைத்திவசம் முடிந்தபின் வருகிற முதல் தீபாவளிக்கோ பொங்கலுக்கோதான் குடும்பம் மறுபடி கூடும். அன்று எல்லா வேலைக்கும் முந்தியது படையல்.

படை என்னும் வினையோடு 'அல்' விகுதி சேர்ந்து, இடையில் யகர உடம்படுமெய் தோன்றிப் பிறந்த சொல் இது. துவையலும் பொங்கலும் இதே 'அல்' விகுதியால் பிறந்தவைதாம். செயலின் பெயர் அச்செயலால் விளைந்த பொருளுக்கு ஆகி வருவதைத் தொழிலாகுபெயர் என்பார்கள். பொங்கல் அதையும் தாண்டித் திருநாளின் பெயராயிற்று. படையலோ உணவுக்கும் சடங்குக்கும் பெயராக நின்றது.

படைத்தலுக்கு உண்டாக்குதல், உடைமையாகப் பெறுதல், பரிமாறுதல் என்று பல பொருள் உண்டு. பாண்டியன் அறிவுடை நம்பி பாடிய புறநானூறு 188ஆம் பாட்டில் 'படைப்பு' என்பது செல்வம். அந்தச் செல்வர் பலரோடு சேர்ந்து உண்பவர் என்பதையும் அப்பாட்டு சொல்கிறது. விருந்தினருக்குப் படைக்கிறோம், சாமிக்குப் படைக்கிறோம், இறந்தவருக்கும் படைக்கிறோம். மூவருக்கும் வினை ஒன்றே. இல்வாழ்வான் பேண வேண்டியவர்களைச் சொல்லும் 43ஆம் குறள், மறைந்த முன்னோரை முதலில் வைத்து, தெய்வத்தையும் விருந்தையும் சுற்றத்தையும் அடுத்து வைக்கிறது.

இறந்தவருக்கு நாம் செய்வனவற்றுள் திதி, திவசம் இரண்டும் நாளைக் குறித்த வடசொற்கள். மாசி மகத்தில் விருத்தாசலம் மணிமுத்தாற்றங்கரையில் பலர் கொடுக்கும் தர்ப்பணம், நீரால் நிறைவு செய்வது. சோற்றையும் குழம்பையும் நினைவூட்டும் சொல் படையல்தான்.

குறுநிலத் தலைவன் வேள் எவ்வி இறந்தபின் வெள்ளெருக்கிலையார் பாடியது புறநானூறு 234. பெண்யானையின் அடியளவு சிறிய இடத்தை மெழுகி, புல்லின்மேல் மனைவி ஒரு சிறு பிண்டம் வைக்கிறாள். பலரோடு கூடி உண்டே பழகியவன் இதை எப்படித் தனியே உண்டிருப்பான் என்று புலவர் நோகிறார். இழப்புக்குப் பிந்திய முதல் பண்டிகையில் எந்த வீட்டிலும் எழும் துயரம் அதுவே.

நம் வீட்டுப் படையல் அந்தத் தனிமையைப் போக்கப் பார்க்கிறது. படத்துக்கு முன் தலைவாழை இலை, புதுவேட்டி அல்லது சேலை, வடை, சுழியம், கறிக்குழம்பு. இறந்தவர் டீப் பிரியராக இருந்தால், ஒரு பீங்கான் கோப்பையில் டீயும் இருக்கும். "அப்பாவுக்கு உப்பு கொஞ்சம் தூக்கலா இருக்கணும்" என்று மகள் சொல்வாள். ஒரு வருஷமாக அப்பாவைப் பற்றி வாய் திறக்காத தம்பியும் அதற்குப் பதில் சொல்வான். கற்பூரம் காட்டி, காக்காய்க்கு வைத்தபின், படைத்த சோற்றை எல்லோரும் பகிர்ந்து உண்பார்கள். எவ்விக்கு வாய்க்காத பந்தி இது.

நகரத்துக்குப் போய் வீடு கட்டிக்கொண்ட பிள்ளைகள் இந்த முதல் படையலைத் தவிர்க்க வேண்டாம் என்றே நான் கேட்டுக்கொள்வேன். கொண்டாட மனம் வராத வீட்டிலும் படைக்க மனம் வரும். அப்படிக் கூடிய குடும்பம் அடுத்த ஆண்டு கொண்டாடவும் கூடும்.